பிடி-1 ஏற்பி தயாரிப்பு: ஜெல்லில் தெரிந்தால் மட்டும் போதாது

மனித டி செல்லின் மேற்பரப்பில் இருக்கும் பிடி-1 ஏற்பியின் வெளிப்பகுதியை இரண்டு வழிகளில் தயாரித்தோம். ஈ. கோலையில் செய்தது பிடி-எல்1ஐ (வேறு செல்களின் மேல் இருக்கும் அதன் இணைப் புரதம்) பிடித்தது, நிவோலுமாபை (பிடி-1ஐப் பற்றும் ஆன்டிபாடி மருந்து) பிடிக்கவில்லை. எக்ஸ்பி293 என்ற மனிதச் செல்களில் செய்தது இரண்டையும் பிடித்தது. ஜெல்லில் இரண்டுமே சுத்தமாகத்தான் தெரிந்தன. தேவை இதுதான்: பயோட்டின் (ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் இறுகப் பற்றும் சிறு மூலக்கூறு) ஏற்றிய, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாத, சரியாக மடிந்த புரதம் சில மில்லிகிராம், அதை சென்சாரில் ஒட்டவும் வேண்டும், ஸ்ட்ரெப்டாவிடினோடு சேர்த்து, நான்கு நான்காகக் கோத்த டெட்ராமராக்கி பிடி-எல்1 உள்ள செல்களைச் சாயமேற்றவும் வேண்டும். ஆராய்ச்சிக்கு மட்டும், மனித உடலுக்குள் செலுத்தும் தரம் வேறு, அதற்கும் இங்கே எழுதியிருப்பதற்கும் தொடர்பில்லை.

பிடி-1 முழு நீளம் 288 அமினோ அமிலங்கள். முதல் 24 சிக்னல் பெப்டைடு. 25 முதல் சுமார் 170 வரை செல்லுக்கு வெளியே இருக்கும் பகுதி. அதில் ஒரே ஒரு இம்யூனோகுளோபுலின் வகை டொமைன், அதன் நடுவில் 54ஆம் இடத்து சிஸ்டீனுக்கும் 123ஆம் இடத்து சிஸ்டீனுக்கும் இடையே ஒரு டைசல்ஃபைடு பிணைப்பு. 93ஆம் இடத்தில் துணையில்லாத சிஸ்டீன் ஒன்று உண்டு. 49, 58, 74, 116 ஆகிய நான்கு அஸ்பராஜின்களில் சர்க்கரைச் சங்கிலி ஏறும். இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கல்கள் எல்லாமே இவற்றில் ஏதோ ஒன்றிலிருந்துதான் கிளம்புகின்றன.

முதல் வழி: ஈ. கோலை

செலவு குறைவு என்பதால் இங்கே தொடங்கினோம். படிகத்துக்கும் என்.எம்.ஆருக்கும் வழக்கமாக எடுக்கும் 33 முதல் 150 வரையிலான துண்டு, 93ஆம் சிஸ்டீனை செரீனாக மாற்றியது, பி.இ.டி. வெக்டாரில், பி.எல்.21 (டி.இ.3) பாக்டீரியாவில். 37 °செ.யில் ஓ.டி. (கலங்கல் அளவு) 0.6–0.8 வந்ததும் 1 மில்லிமோலார் ஐ.பி.டி.ஜி. (புரத உற்பத்தியைத் தூண்டும் பொருள்), பிறகு 4 மணி நேரம். புரதம் ஏராளமாக வரும், ஆனால் முழுக்க இன்குளூஷன் பாடியாக, அதாவது மடியாத புரதத்தின் கரையாத திரளாக. கரைந்த நிலையில் கிடைக்கும் என்று வெப்பநிலையைக் குறைத்துக் காத்திருப்பதில் பயனில்லை. பாக்டீரியாவின் உட்புறத்தில் டைசல்ஃபைடு பிணைப்பு உருவாகாது.

இன்குளூஷன் பாடியைக் கழுவுவதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. 50 மில்லிமோலார் டிரிஸ் பி.ஹெச். 8, 200 மில்லிமோலார் உப்பு, 10 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ., 0.5% டிரைட்டான் எக்ஸ்-100 கலந்த பஃபரில் வண்டலைக் கட்டியில்லாமல் கலக்கிக் கழுவ வேண்டும், வண்டல் பழுப்பு நிறம் போய்ச் சுண்ணாம்பு வெள்ளையாகும் வரை. கடைசிக் கழுவலில் டிரைட்டான் இருக்கக் கூடாது; மிச்சமிருந்தால் மடிப்பதற்கு இடையூறு. அதன்பின் 6 மோலார் குவானிடின், 10 மில்லிமோலார் டி.டி.டி.யில் (டைசல்ஃபைடை உடைக்கும் பொருள்) கரைத்து, வேகமாகச் சுழற்றிக் கரையாததை ஒதுக்க வேண்டும்.

மடிக்கும் பஃபர்: 0.1 மோலார் டிரிஸ் பி.ஹெச். 8.0, 0.4 மோலார் ஆர்ஜினின், 2 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ., 5 மில்லிமோலார் ஒடுக்கிய குளூட்டாதயோன், 0.5 மில்லிமோலார் ஆக்சிஜனேறிய குளூட்டாதயோன். ஆர்ஜினினை ஹைட்ரோகுளோரைடாக வாங்கினால் ஒரு லிட்டருக்கு 84 கிராம் போகும். 'பாக்டீரியா மலிவு' என்ற கணக்கு இங்கேதான் ஆட்டம் காணும். ஆர்ஜினின் கரைந்த பிறகு பி.ஹெச்.சை மறுபடி பார்க்காமல் விடக் கூடாது, நன்றாகவே நகர்ந்திருக்கும். ஒரு லிட்டருக்கு 30 மில்லிகிராம் புரதம், 4 °செ.யில், மூன்று தவணையாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே சில மணி நேரம் விட்டு. ஒரே மூச்சில் ஊற்றினால் மடியாத மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், கரைசல் பால்போல் வெளுக்கும்.

மடிந்ததா என்று பார்க்க எளிய வழி, ஒடுக்காத ஜெல்லையும் (டைசல்ஃபைடை உடைக்காமல்) ஒடுக்கிய ஜெல்லையும் (உடைத்து) பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுவது. டைசல்ஃபைடு பூட்டிய புரதம் இறுக்கமாக இருப்பதால் ஒடுக்காத ஜெல்லில் சற்றே வேகமாக ஓடும். அந்த நகர்வு தெரிந்தது. ஜெல் ஃபில்ட்ரேஷனில் (மூலக்கூறு அளவைப் பொறுத்துப் பிரிக்கும் முறை) ஒற்றைச் சிகரம். பிடி-எல்1 பிணைப்பும் சரியாக இருந்தது.

நிவோலுமாப் மட்டும் ஒட்டவில்லை. மடிப்பு தவறு என்று முடிவுகட்டி மடிக்கும் பஃபரையே மாற்றிக்கொண்டிருந்தால் விடை கிடைத்திருக்காது. நிவோலுமாப் முக்கியமாகப் பற்றுவது பிடி-1இன் என் முனையில் இருக்கும் வளையத்தை, அதாவது 25இல் தொடங்கும் அந்தச் சில அமினோ அமிலங்களை. 33இல் தொடங்கும் துண்டில் அந்த வளையத்தின் பெரும்பகுதியே இல்லை. பெம்புரோலிசுமாப் என்ற இன்னொரு பிடி-1 ஆன்டிபாடி வேறு இடத்தைப் பற்றுவது, அதனால் அதே புரதத்தில் அது ஒட்டும். ஒரு ஆன்டிபாடியை மட்டும் வைத்து 'மடிந்தது', 'மடியவில்லை' என்று தீர்ப்பு எழுதுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம். சர்க்கரையும் கணக்கில் வரும்: கேம்ரெலிசுமாப் என்ற மூன்றாவது ஆன்டிபாடியின் பிணைப்பில் 58ஆம் இடத்துச் சர்க்கரைக்குப் பங்கு உண்டு, பாக்டீரியாப் புரதத்தில் அது கிடையாது.

அதனால் பாக்டீரியா வழியைத் தூக்கியெறிய வேண்டும் என்பதில்லை. ஐசோடோப் ஏற்றிய என்.எம்.ஆர். மாதிரிக்கும், சர்க்கரை இல்லாத ஒரே சீரான புரதம் தேவைப்படும் படிகத்துக்கும் அதுதான் பொருத்தம். ஆன்டிபாடி ஒப்பீட்டுக்கும் செல் சாயத்துக்கும் பாலூட்டிச் செல்லில்தான் செய்ய வேண்டும்.

இரண்டாம் வழி: 293 செல்கள்

இந்த முறை 25 முதல் 167 வரை. முன்னால் இம்யூனோகுளோபுலின் கப்பா சிக்னல் பெப்டைடு, பின்னால் ஒரு சிறிய கிளைசின்–செரீன் இணைப்பு, அவி டேக் (பயோட்டின் ஏற்றுவதற்கான சிறு வரிசை), எட்டு ஹிஸ்டிடின் (ஹிஸ் டேக், நிக்கலில் பற்றுவதற்கு). டேக் இரண்டும் சி முனையில் இருப்பது வேண்டுமென்றே செய்தது. செல்லில் அந்த முனைதான் சவ்வை நோக்கி இருக்கும். அங்கே பயோட்டின் ஏற்றினால் சென்சாரிலும் டெட்ராமரிலும் பிணையும் முகம் வெளியே பார்த்து நிற்கும். 15 அமினோ அமிலம் கொண்ட அவி டேக்கின் நடுவில் ஒரே ஒரு லைசின்தான் பயோட்டினை ஏற்கும். ரசாயன முறையில் எல்லா லைசின்களிலும் பயோட்டின் பூசினால் பிணையும் முகத்திலும் ஏறிவிடும். பிடி-எல்1ஐத் தொடும் 78ஆம் லைசின் அந்த முகத்தில்தான் இருக்கிறது.

93ஆம் சிஸ்டீனை அப்படியே விட்டால் ஒடுக்காத ஜெல்லில் இரட்டை மூலக்கூறின் பட்டை எட்டிப் பார்க்கிறது. செரீனாக மாற்றியதும் போய்விட்டது. பிணையும் முகத்திலிருந்து விலகியிருக்கும் இடம் என்பதால் இந்த மாற்றத்தைத் தயங்காமல் செய்யலாம். இயற்கை வரிசையே வேண்டும் என்று யாராவது கேட்டால் மட்டும் பழைய வடிவத்தைச் செய்து, இரட்டையை ஜெல் ஃபில்ட்ரேஷனில் பிரித்துக்கொடுக்க வேண்டும்.

பிளாஸ்மிட்டை எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) நீக்கும் மேக்சி கிட்டில் எடுத்து, மைக்ரோலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் அளவில் வைத்துக்கொள்வது வசதி. அகரோஸ் ஜெல்லில் பெரும்பகுதி சூப்பர்காயில் வடிவில் இருக்க வேண்டும். பலமுறை உறைந்து உருகிய பிளாஸ்மிட்டில் வெட்டுப்பட்ட வடிவம் கூடிவிடும், விளைச்சல் குறையும்.

செல்கள் 37 °செ., 8% கரியமில வாயு, 19 மி.மீ. வட்டத்தில் நிமிடத்துக்கு 125 சுற்று. டிரான்ஸ்ஃபெக்‌ஷன் அன்று (பிளாஸ்மிட்டைச் செல்லுக்குள் நுழைக்கும் நாள்) மில்லிக்கு 30 லட்சம் செல், உயிர்ப்பு 95 சதவீதத்துக்குக் குறையாமல். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. 90 சதவீத உயிர்ப்பில் தொடங்கினால் டி.என்.ஏ., பி.இ.ஐ. (டி.என்.ஏ.வைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் பாலிமர்), ஐந்து நாள் உழைப்பு எல்லாம் வீண். குடுவையில் கொள்ளளவின் கால்பங்குக்கு மேல் நிரப்பாமல் இருந்தால் காற்று நன்றாகக் கலக்கும், 200 மி.லி.க்கு 1 லிட்டர் குடுவை.

200 மி.லி. கணக்கு: டி.என்.ஏ. 200 மைக்ரோகிராம், பி.இ.ஐ. மேக்ஸ் 600 மைக்ரோகிராம். தனித்தனியாக 10 மி.லி. ஆப்டி-மெம்மில் கரைத்து, பி.இ.ஐ.யை டி.என்.ஏ.வின் மேல் ஊற்றி, மெல்லக் கலக்கி 15 நிமிடம் அறை வெப்பத்தில் வைத்து, குடுவையைச் சுழற்றியபடியே சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். பி.இ.ஐ. மூலக்கரைசல் மில்லிக்கு 1 மி.கி., பி.ஹெச். 7.0, 0.22 மைக்ரான் வடிகட்டியது. அரை மணி நேரம் மறந்து வைத்த கலவை வேண்டாம். துகள் பெரிதாகிவிடும், செல்லுக்குள் போகாது, செல்லைக் கொல்லும்.

ஊடகத்தில் ஒரு கண்ணி உண்டு. சில சஸ்பென்ஷன் ஊடகங்களில் செல் கட்டிபிடிக்காமல் இருக்க டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் அல்லது ஹெப்பாரின் போன்ற எதிர்மின் சுமையுள்ள பொருள் சேர்த்திருப்பார்கள். அது பி.இ.ஐ.யைத் தானே பிடித்துக்கொள்ளும், டி.என்.ஏ. வெளியிலேயே நின்றுவிடும். செல் அழகாக வளரும், புரதம் மட்டும் வராது. ஊடகம் மாற்றும்போதெல்லாம் பச்சை ஒளிர் புரதப் பிளாஸ்மிட் ஒன்றை 10 மி.லி.யில் போட்டு, மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் எத்தனை செல் ஒளிர்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பெரிய குடுவைக்குப் போக வேண்டும்.

18–20 மணி நேரம் கழித்து வால்புரோயிக் அமிலம், கடைசி அடர்த்தி 3.5 மில்லிமோலார் (350 மில்லிமோலார் மூலக்கரைசலில் 2 மி.லி.). இது செல் பெருகுவதைத் தடுத்து, ஏறிய பிளாஸ்மிட்டை நன்றாக வேலை வாங்கும். டிரான்ஸ்ஃபெக்‌ஷனோடு சேர்த்தே போட்டால் செல் தாங்காது.

தினமும் 0.5 மி.லி. எடுத்து உயிர்ப்பு எண்ணி, மேல்நீரை ஹிஸ் டேக் ஆன்டிபாடியில் புள்ளிச் சோதனை செய்துகொண்டே வந்தோம். ஐந்தாம் நாள் உயிர்ப்பு 70 சதவீதத்தை ஒட்டி வந்தது, அறுவடை. இன்னும் ஒரு நாள் விட்டால் சிறிது கூடுதலாகக் கிடைக்கும் என்ற ஆசை வரும். செல் உடைந்து கொட்டும் டி.என்.ஏ.வும் புரோட்டியேசும் அந்த லாபத்தை வாங்கிக்கொண்டு போய்விடும், வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும்.

நிக்கல் காலம் (column, ரெசின் நிரப்பிய குழாய்)

முதலில் 500 ஜி.யில் 10 நிமிடம் சுழற்றிச் செல்லை உடைக்காமல் இறக்கி, மேல்நீரை வேறு குழாய்க்கு மாற்றி, 4000 ஜி.க்கு மேல் அரை மணி. அதன்பின் 1 மோலார் டிரிஸ் பி.ஹெச். 8.0ஐ இருபதில் ஒரு பங்கும், உப்பை 300 மில்லிமோலார் வருமளவுக்கும் சேர்க்க வேண்டும். ஐந்து நாள் வளர்ந்த ஊடகம் சற்றே அமிலமாக இருக்கும். அந்த நிலையில் ஹிஸ்டிடின் புரோட்டான் ஏற்று நிக்கலை விட்டுவிடும். பஃபர் சேர்த்த பிறகே 0.22 மைக்ரானில் வடிகட்டுங்கள், முன்னால் அல்ல. பி.ஹெச். ஏறியதும் மெல்லிய வெள்ளை வீழ்படிவு வருவது வழக்கம். முதலிலேயே வடிகட்டிவிட்டால் அந்த வீழ்படிவு நேராகக் காலத்தின் தலையில் போய் உட்காரும்.

சாதாரண நிக்கல்-என்.டி.ஏ. ரெசினில் ஊடகத்தை நேரடியாக ஏற்றினால் நீல நிறம் கண்ணெதிரே வெளுக்கும். ஊடகத்தில் உள்ள உலோகப் பிணைப்பிகளும் அமினோ அமிலங்களும் நிக்கலை உருவிவிடுகின்றன. வழி இரண்டு: ஊடகத்தை டயாலிசிஸ் செய்து பஃபர் மாற்றுவது, அல்லது நிக்கலை விடாமல் பிடிக்கும் நிக்கல் செஃபரோஸ் எக்செல் போன்ற ரெசின். 200 மி.லி.க்கு டயாலிசிஸ் என்றால் பல லிட்டர் பஃபரும் ஒரு இரவும் போகும். எக்செல் ரெசின் 2 மி.லி. போதும், விலை கூடுதல் என்றாலும் பலமுறை பயன்படும்.

4 °செ.யில் நிமிடத்துக்கு 1 மி.லி. ஏற்றினோம். 10 மில்லிமோலார் இமிடசோலில் (ஹிஸ் டேக்கை நிக்கலிலிருந்து விலக்கும் பொருள்) 40 மி.லி., 30 மில்லிமோலாரில் 20 மி.லி. கழுவல். 300 மில்லிமோலாரில் 1 மி.லி. துண்டுகளாக வெளியேற்றம், புரதம் பெரும்பாலும் இரண்டாம் துண்டிலிருந்து ஐந்தாம் துண்டு வரை. எல்லாத் துண்டையும் ஜெல்லில் ஓட்டுங்கள், ஏற்றிய ஊடகம், காலத்தைத் தாண்டி வந்தது, கழுவல் உட்பட. தாண்டி வந்ததைக் கொட்டிவிட்டுப் பிறகு தேடுவது பரிதாபம்.

அளப்பதில் கவனம். இமிடசோல் 280 நானோமீட்டரில் தானும் ஒளியை உறிஞ்சும், அதனால் வெற்று அளவுக்கு அதே வெளியேற்று பஃபரை வைக்க வேண்டும். இந்த வடிவத்தில் மூன்று டிரிப்டோஃபான் (ஒன்று அவி டேக்கில்), இரண்டு டைரோசின், ஒரு டைசல்ஃபைடு. மோலார் உறிஞ்சல் 19,605. பெப்டைடு எடை ஏறத்தாழ 19 கிலோடால்டன். ஆகவே 1 செ.மீ. பாதையில் உறிஞ்சல் 1.0 என்றால் மில்லிக்கு கிட்டத்தட்ட 1 மி.கி. இது பெப்டைடின் எடை மட்டும். சர்க்கரை இந்த அலைநீளத்தில் தெரியாது. மோல் கணக்குக்கு இதுவே சரி. பிராட்ஃபோர்டு சாயம் சர்க்கரைப் புரதங்களில் குறைத்துக் காட்டும், நம்ப வேண்டாம். நிக்கல் முடிந்ததும் 200 மி.லி.யிலிருந்து கையில் 6 மி.கி.

ஜெல்லில் 19 கிலோடால்டனில் தேடினால் ஒன்றும் தெரியாது. நான்கு இடத்துச் சர்க்கரையோடு 35 முதல் 45 வரை பரந்து பூசியதுபோல் ஓடும். தவறான புரதமா என்ற சந்தேகத்தைத் தீர்க்க, சர்க்கரையை வெட்டும் நொதியான பி.என்.கேஸ் எஃப்: 0.5% எஸ்.டி.எஸ்., 40 மில்லிமோலார் டி.டி.டி.யில் 100 °செ. 10 நிமிடம், ஆறியபின் 1% என்.பி.-40 (எஸ்.டி.எஸ். இந்த நொதியை முடக்கும், அதைச் சமன்செய்யத்தான் இது), பிறகு நொதி சேர்த்து 37 °செ.யில் ஒரு மணி. பூச்சு மறைந்து 20க்குப் பக்கத்தில் கூரிய பட்டை. நொதியின் சொந்தப் பட்டை 36 கிலோடால்டனில் விழும், சரியாகப் பழைய பூச்சு இருந்த இடத்தில். புரதம் இல்லாமல் நொதி மட்டும் போட்ட தடம் ஒன்று பக்கத்தில் இல்லாவிட்டால் 'சர்க்கரை முழுக்க வெட்டுப்படவில்லை' என்று தவறாகப் படிக்க நேரும்.

பயோட்டின் ஏற்றம்

இந்தத் தயாரிப்பில் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். அவி டேக்கில் பயோட்டினை ஏற்றும் பிர்ஏ நொதிக்கு உப்பு ஆகாது, கிளிசரால் ஆகாது. உப்புள்ள பஃபரில் நேரடியாகச் செய்தால் வேலை இழுத்துக்கொண்டே போகும். 2 மி.கி. புரதத்தை 10 கிலோடால்டன் வடிகட்டிக் குழாயில் 10 மில்லிமோலார் டிரிஸ் பி.ஹெச். 8.0, 20 மில்லிமோலார் உப்புக்கு மாற்றினோம். ஜெல்லில் 40இல் ஓடுகிறதே என்று 30 கிலோடால்டன் குழாயை எடுத்தால் புரதம் கசியும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பிப்பெட்டால் மெல்லக் கலக்கிவிட்டுத் தொடர வேண்டும். சவ்வின் மேல் அடர்ந்து நிற்கும் படலம்தான் கட்டி உருவாகும் இடம். உப்பு குறைந்த பஃபரில் இரவு முழுக்க விடாமல் அன்றே அடுத்த கட்டத்துக்குப் போவது நல்லது.

வினைக் கலவை 2.5 மி.லி.: 50 மில்லிமோலார் பைசின் பி.ஹெச். 8.3, 10 மில்லிமோலார் ஏ.டி.பி., 10 மில்லிமோலார் மக்னீசியம் அசிடேட், 100 மைக்ரோமோலார் பயோட்டின், நொதி 10 நானோமோல் புரதத்துக்கு 2.5 மைக்ரோகிராம் வீதம் 26 மைக்ரோகிராம். பல செய்முறைகளில் பயோட்டின் 50 மைக்ரோமோலார் என்றுதான் இருக்கும். 2 மி.கி. என்பது 105 நானோமோல், 2.5 மி.லி.யில் 42 மைக்ரோமோலார். 50 வைத்தால் மிச்சம் ஏறக்குறைய இல்லை, கடைசிச் சில சதவீதம் இழுபறியாகும். ஏ.டி.பி. பொடியைத் தண்ணீரில் கரைத்தால் கடும் அமிலம்; சோடியம் ஹைட்ராக்சைடால் 7க்குக் கொண்டுவராமல் சேர்த்தால் பைசின் தோற்றுப்போகும், நொதியும் நின்றுவிடும். 30 °செ.யில் ஒரு மணி நேரம்.

நொதியை நீக்குவதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். பிர்ஏ 35 கிலோடால்டன். சர்க்கரையோடு உப்பி நிற்கும் பிடி-1 ஜெல் ஃபில்ட்ரேஷனில் ஏறத்தாழ அதே இடத்தில்தான் வெளிவரும், இரண்டும் பிரியாது. ஹிஸ் டேக் உள்ள பிர்ஏ என்றால் நிக்கலிலும் பிரியாது. ஜி.எஸ்.டி. இணைத்த பிர்ஏவைப் பயன்படுத்தி, வினை முடிந்ததும் 100 மைக்ரோலிட்டர் குளூட்டாதயோன் ரெசினோடு 4 °செ.யில் அரை மணி உருட்டினால் நொதி ரெசினில் தங்கிவிடும்.

அடுத்து சூப்பர்டெக்ஸ் 75, 10/300 காலம், பி.பி.எஸ்., நிமிடத்துக்கு 0.5 மி.லி., ஒருமுறைக்கு 500 மைக்ரோலிட்டருக்கு மேல் வேண்டாம். 8 மி.லி. பக்கம் கட்டி, 10.5 மி.லி. பக்கம் நமது புரதம். 44 கிலோடால்டன் ஓவால்புமின் வெளிவரும் இடத்தை ஒட்டி. மிச்ச பயோட்டின் மிகவும் தாமதமாக வந்து ஒழியும். அது ஒழிவது மிக முக்கியம்: ஒட்டாத பயோட்டின் கொஞ்சம் இருந்தாலும் ஸ்ட்ரெப்டாவிடினின் இடங்களை முதலில் அதுவே நிரப்பிக்கொள்ளும். சிகரத்தின் முன்தோளை ஆசைப்பட்டுச் சேர்க்காமல் நடுப்பகுதியை மட்டும் எடுத்தோம். 2 மி.கி.யில் 1.3 மி.கி. மிஞ்சியது.

எவ்வளவு ஏறியது என்பதற்கு ஜெல் நகர்வுச் சோதனை. 2 மைக்ரோகிராம் புரதத்தை எஸ்.டி.எஸ். பஃபரில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அதன்பின் 8 மைக்ரோகிராம் ஸ்ட்ரெப்டாவிடின் சேர்த்து, 5 நிமிடம் கழித்து மறுபடி கொதிக்கவைக்காமல் ஏற்ற வேண்டும். பயோட்டின் உள்ள புரதம் எல்லாம் மேலே போய்விடும். 40இல் எஞ்சி நிற்பதே ஏறாத பங்கு. எங்களுடைய தடத்தில் மிகமெல்லிய நிழல் மட்டும்.

பிடிக்கிறதா?

பிடி-1க்கும் பிடி-எல்1க்கும் இடையே ஒற்றைக்கு ஒற்றை பிணைப்பு பலவீனமானது. பிரிகை மாறிலி (பாதி இடங்கள் நிரம்பும் அடர்த்தி) சுமார் 8 மைக்ரோமோலார். இதை மறந்து ஆன்டிபாடிக்கு வழக்கமாகப் போடும் 100 நானோமோலாரில் சோதித்தால், இடங்களில் 1 சதவீதம்தான் நிரம்பும், கோடு தட்டையாக இருக்கும், நல்ல புரதத்தைச் செத்தது என்று குப்பையில் போட்டுவிடுவோம். பி.எல்.ஐ. (சென்சார் நுனியில் புரதம் ஒட்டுவதை ஒளியால் அளக்கும்) கருவியில் ஸ்ட்ரெப்டாவிடின் சென்சாரில் பயோட்டின் பிடி-1ஐ 0.8 நானோமீட்டர் வரை ஏற்றி, ஒற்றை பிடி-எல்1ஐ 50 மைக்ரோமோலாரிலிருந்து பாதி பாதியாக எட்டுப் புள்ளிகள் வரை, 0.4 மைக்ரோமோலார் வரை வைத்தோம். பஃபர்: பி.பி.எஸ்., 0.1% பி.எஸ்.ஏ., 0.02% டுவீன்-20. சேர்வதும் பிரிவதும் வேகம் என்பதால் வளைவின் வடிவத்தைப் பொருத்தாமல், சமநிலை உயரத்தை அடர்த்திக்கு எதிராக வரைந்து பொருத்த வேண்டும். இந்த அடர்த்தியில் வெறும் சென்சாரிலும் பிடி-எல்1 ஒட்டும். பிடி-1 இல்லாத சென்சாரைப் பக்கத்தில் ஓட்டிக் கழிக்காவிட்டால் எண் பொய்யாகும். முதல் கிணற்றை 400 மைக்ரோலிட்டரில் தொடங்கினால் பிடி-எல்1 மட்டும் அரை மில்லிகிராம் போகிறது. முழு வேலையிலும் விலை உயர்ந்த இடம் இதுதான்.

மலிவாக முடிக்க பிடி-எல்1-எஃப்.சி. (ஆன்டிபாடியின் வால்பகுதியோடு இணைத்த பிடி-எல்1) இரட்டையை வைத்தால் பிணைப்பு நானோமோலாருக்கு இறங்கி அழகாகத் தெரியும். இரண்டு கையாலும் பிடிப்பதால் வரும் பலம் அது. 'புரதம் உயிரோடு இருக்கிறதா' என்ற கேள்விக்கு அது போதும். பிரிகை மாறிலி என்று எழுதக் கூடாது. நிவோலுமாப், பெம்புரோலிசுமாப் இரண்டையும் 10 நானோமோலாரில் ஓட்டினோம். இரண்டும் ஒட்டின, கழுவலில் மெதுவாகவே பிரிந்தன. பாக்டீரியாப் புரதத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது நிவோலுமாபில் மட்டும் வேறுபாடு.

டெட்ராமர்: ஸ்ட்ரெப்டாவிடின்-பி.இ. (பி.இ. என்பது ஒளிரும் சாயம்) ஒன்றுக்கு பிடி-1 நான்கு என்ற மோல் கணக்கு, பத்தில் ஒரு பங்கு வீதம் 10 நிமிடத்துக்கு ஒருமுறை, பனிக்கட்டியில், இருட்டில். ஸ்ட்ரெப்டாவிடினைத்தான் புரதத்தில் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் ஒன்றும் இரண்டும் மட்டும் ஏறிய மூலக்கூறுகள் நிறைய உருவாகும், பலவீனமான பிணைப்புக்கு அவை போதாது. எம்.டி.ஏ.-எம்.பி.-231 செல்களில் பிடி-எல்1 நிறைய உண்டு. டிரிப்சின் போடாமல் ஈ.டி.டி.ஏ.வால் பெயர்த்து, 2 லட்சம் செல்லுக்கு 50 மைக்ரோலிட்டரில், பனிக்கட்டியில் 40 நிமிடம், குளிர்ந்த பஃபரில் விரைவாகக் கழுவி உடனே சைட்டோமீட்டர். பயோட்டின் நிரப்பிய வெறும் ஸ்ட்ரெப்டாவிடின்-பி.இ. ஒரு கட்டுப்பாடு, முன்கூட்டியே அடெசோலிசுமாப் மில்லிக்கு 10 மைக்ரோகிராம் போட்டு பிடி-எல்1ஐ மறைத்தது இன்னொன்று. இந்த இரண்டாவது கட்டுப்பாட்டில் ஒளிர்வு தரைமட்டத்துக்கு இறங்கியது. அதைப் பார்த்த பிறகே இந்தத் தொகுதியைப் பிறருக்குக் கொடுக்கத் துணிந்தோம்.

மீதியை 0.22 மைக்ரானில் வடிகட்டி, மில்லிக்கு 1 மி.கி. அளவில், 50 மைக்ரோலிட்டர் குழாய்களாக, திரவ நைட்ரஜனில் உறையவைத்து −80 °செ.யில் வைத்திருக்கிறோம். உருகிய குழாயை மறுபடி உறையவைப்பதில்லை. டெட்ராமரை உறையவைக்கவே கூடாது, பி.இ. கெட்டுவிடும், 4 °செ.யில் சில வாரம். டி செல் சோதனைக்குப் போகும் குழாய்களில் எண்டோடாக்சின் பார்த்தே ஆக வேண்டும். 293 செல்லில் அது வருவதில்லை, ஆனால் ஈ. கோலைக்குப் பயன்படுத்திய ரெசினும் கண்ணாடிப் பாத்திரமும் வழியாக வந்துசேரும். பாலூட்டிப் புரதத்துக்கு ரெசினைத் தனியாக வைத்து, இடையிடையே 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் கழுவுகிறோம்.

அடுத்த தொகுதியில் பிர்ஏ கட்டத்தையே எடுத்துவிடப் போகிறோம். சுரக்கும் வடிவ பிர்ஏ பிளாஸ்மிட்டை பத்தில் ஒரு பங்கு சேர்த்து டிரான்ஸ்ஃபெக்ட் செய்து, ஊடகத்தில் 100 மைக்ரோமோலார் பயோட்டின் போட்டால் செல்லே பயோட்டின் ஏற்றிக் கொடுக்கும். உப்பு மாற்றும் வேலை, ஏ.டி.பி., ரெசின் எல்லாம் மிச்சம். பி.எல்.ஐ.க்கான பிடி-எல்1ஐயும் அதே 293 செல்களில் நாமே செய்துகொள்ளலாம். அரை மில்லிகிராம் வீதம் வாங்கிக் கட்டுப்படியாகாது.